தீபாவளி விருந்துக்கு எந்தத் தேயிலை?

ஆட்டிறைச்சிக்கும் மசாலாவுக்கும் ஒரு வாரம் முன்னதாகவே திட்டம் போடும் வீட்டில், சாப்பாட்டோடு குடிக்க என்ன கொடுப்பது என்ற யோசனை கடைசி நேரத்தில்தான் வருகிறது. பெரும்பாலும் சோடாப் போத்தல் வரும். வசதி இருந்தால் வெளிநாட்டுச் சிவப்பு வைனும் வரலாம். ரத்தோட்டை, எல்கடுவை மலைகளில் கொழுந்து பறிக்கப்படும் மாத்தளை மாவட்டத்தில் விருந்துக்கு மிகப் பொருத்தமானது பால் கலக்காத சாயத் தேத்தண்ணிதான் என்பது என் கட்சி. சிவப்பு வைன் கொழுத்த இறைச்சியோடு சேர்வதற்கு ஒரு காரணம் உண்டு. திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்கின்றன. வாயில் படிந்த நெய்ப்பசை அகன்று, அடுத்த கவளம் புதிதாகச் சுவைக்கிறது. தேயிலையிலும் அதே இனத்தைச் சேர்ந்த பொருள்களே அதே வேலையைச் செய்கின்றன. வைனில் உள்ள மதுசாரமோ மிளகாயின் எரிச்சலைக் கூட்டிவிடும். செலவையும் பாருங்கள்: 750 மில்லிலீற்றர் வைன் போத்தல் ஐந்து கிளாஸோடு தீர்ந்துவிடும், கோப்பைக்கு 2 கிராம் போட்டால் 100 கிராம் தேயிலையில் 50 கோப்பை வரும்.

அப்படியானால் எந்தத் தேயிலை? இங்கேதான் விலை நம்மை ஏமாற்றுகிறது. பொதியில் இருக்கும் ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எஃப்., டஸ்ட் என்ற எழுத்துகளைத் தரவரிசை என்று பலர் நினைக்கிறார்கள். தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்த தேயிலை சல்லடைகளில் விழும்போது எந்த அளவுக்கு எது பிரிந்தது என்பதையே அவை முதலில் சொல்கின்றன. பெரிய இலை பார்வைக்கு அழகு. ஆனால் மெதுவாகவே சாயம் இறங்கும், துவர்ப்பும் மென்மை. டஸ்ட் நொடியில் எல்லாவற்றையும் கொட்டிவிடும், கொஞ்சம் அசந்தால் கசக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் பி.ஓ.பி.எஃப். கறிக்கு ஈடுகொடுக்கும், கைக்கும் அடங்கும். உயரத்திலும் இதே கணக்குத்தான். 4,000 அடிக்கு மேல் விளையும் உயர்நிலத் தேயிலையின் பெருமை அதன் மெல்லிய வாசம். கராம்பும் ஏலமும் மிளகும் சேர்ந்த குழம்பின் பக்கத்தில் அந்த வாசம் காணாமல் போய்விடும், அதற்குக் கொடுத்த காசும் போய்விடும். 2,000 அடியிலிருந்து 4,000 அடிவரை விளையும் மத்திய நிலத் தேயிலைக்கு வாசம் குறைவு, திடம் அதிகம். கண்டி, மாத்தளை மலைகள் பேர்பெற்றது அதற்குத்தான். நம் விருந்துக்கு வேண்டியதும் அந்தத் திடமே.

பொதியில் உயரம் எழுதியிருப்பது அரிது. ஆகவே நாக்கைத்தான் நம்பவேண்டும். பண்டிகைக்குப் பத்து நாள் முன்னதாக இரண்டு மூன்று வகைகளில் 50 கிராம் வீதம் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கொழும்பில் 1883 முதல் நடந்துவரும் தேயிலை ஏலத்துக்காகச் சுவைத்து மதிப்பிடுபவர்களும் ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டே பேசுகிறார்கள். ஒரே அளவு தூள், தளதளவென்று கொதித்த தண்ணீர், மூடிவைத்து மூன்று நிமிடம், பிறகு வெள்ளைக் கோப்பையில் வடிப்பு. நிறம் செம்பைப் போல மின்னவேண்டும். கோப்பையின் விளிம்போரம் பொன்னிற வளையம் தெரிந்தால் நல்லது. கொழுந்து புளிக்கும்போது உண்டாகும் தியாஃப்ளேவின் தரும் ஒளி அது. ஆழ்ந்த சிவப்பையும் திடத்தையும் தருவது தியாருபிஜின். அடுத்து, சத்தம் வர உறிஞ்சுங்கள். காற்று கலந்தால்தான் வாசம் மூக்கின் பின்புறம் ஏறும். ஈறும் நாக்கின் ஓரமும் சற்றே இறுகி உடனே தளர்ந்தால் அது துவர்ப்பு. அடிநாக்கில் தங்கிக் கிடந்தால் அது கசப்பு. இந்த இரண்டையும் பிரித்தறிவதில்தான் முழு ரசனையும் இருக்கிறது. மிச்சத்தை ஆறவிடுங்கள். கலங்கினால் கெட்டது என்று ஊற்றிவிடாதீர்கள். கபேனும் தியாஃப்ளேவினும் சேர்ந்து திரண்ட கலங்கல் அது, நல்ல சாயத்தின் அடையாளம்.

பிளேன்டியை விருந்தாளிக்கு வைப்பதா, பால் வாங்க வழியில்லை என்று நினைக்கமாட்டார்களா என்று கேட்பார்கள். இந்தக் கூச்சத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. இலங்கைத் தேயிலையில் 90 சதவீதத்துக்கு மேல் கப்பலேறுகிறது. பறித்தவர்கள் வீட்டில் டஸ்டே புழங்கியது. ஆனால் பாலின் புரதம் துவர்ப்பைத் தானே பற்றிக்கொள்ளும். கறியின் நெய்ப்பசையை அகற்ற எதுவும் மிஞ்சாது. பால் தேத்தண்ணியின் இடம் காலை நேரம். சூட்டைப் பற்றிய ஆட்சேபம் நியாயமானது: மிளகாயை உணரும் அதே நரம்புதான் சூட்டையும் உணர்கிறது, ஆகவே கொதிக்கக் கொதிக்கக் குடித்தால் காரம் இரட்டிக்கும். வெதுவெதுப்பாக ஆறவிட்டுப் பரிமாறுங்கள். எல்லாவற்றிலும் கனமான ஆட்சேபம் இரும்புச்சத்து. தேயிலை மரக்கறி, பருப்பு, கீரையிலுள்ள இரும்பை உடல் எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. இறைச்சியின் இரும்பில் பெரும்பகுதியை அவ்வளவாகத் தொடுவதில்லை. ஆகவே மரக்கறி விருந்தென்றால் ஒரு மணி நேரம் கழித்தே கொடுங்கள். இரத்தசோகை உள்ள பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் எந்த விருந்திலும் இதே இடைவெளி வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

இஞ்சி, கறுவா, ஏலம் போடலாமா? வாசனைத் திரவியத்துக்குப் பேர்போன மாத்தளையில் கை தானாகவே அந்தப் போத்தல்களுக்குப் போகும். ஆனால் அவை ஏற்கெனவே குழம்பில் இருக்கின்றன. தேயிலையை அன்றைக்கு அதன்பாட்டில் விடுங்கள்.

தண்ணீரை மறக்கக்கூடாது. ரத்தோட்டை மலை ஊற்றில் பளிச்சென்று இறங்கும் அதே தூள், இதே மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளை, கலேவெலைப் பக்கத்துக் கிணற்று நீரில் மங்கலாகி மேலே ஏடு கட்டும். வறண்ட வலயக் கிணறுகளின் கடினத்தன்மைதான் காரணம். அங்கே இருப்பவர்கள் வடிகட்டிய நீரையோ பிடித்துவைத்த மழைநீரையோ பாவித்துப் பார்க்கட்டும். சீனியைக் கோப்பையில் கரைக்காமல், கித்துள் கருப்பட்டித் துண்டைத் தட்டில் வைத்து, ஒரு கடி, ஒரு மிடறு என்று குடியுங்கள். இனிப்பு நாக்கில் கரைந்து முடிந்ததும் மீந்திருக்கும் அந்தத் துவர்ப்பைக் கவனித்தபடி, கறிச் சட்டியை இன்னொரு முறை கிட்ட இழுக்கலாம்.