மாடியில் புடலைப் பந்தல்

மொட்டை மாடியில் காய்கறி வளர்ப்போர் பெரும்பாலும் தக்காளி, கத்தரி, வெண்டையோடு நிறைவடைந்துவிடுகின்றனர். எனினும் சிறிய இடத்தில் மேல்நோக்கிப் பயிர் செய்யும் கலையின் முழு அழகு வெளிப்படுவது புடலையில்தான். செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க்கழிவு ஆகியவற்றைக் கலந்து நிரப்பிய ஆழமான பையும், ஆளுயரப் பந்தலும், நல்ல வெயிலும் இருந்தால் அதற்குப் போதும். தேங்காய் மட்டையிலிருந்து கயிற்றுக்கான நாரைப் பிரித்தபின் எஞ்சும் தூளே நார்க்கழிவு. அது மண்ணைவிட இலேசானதாகவும் நீரை நெடுநேரம் பிடித்து வைப்பதாகவும் இருப்பதால் மாடிக்கு ஏற்றது என்றாலும், அதிலுள்ள உப்பு நீங்குமாறு நன்கு அலசிய பின்னரே பயன்படுத்தத் தக்கது.

ஓரமெங்கும் வெண்ணூல் இழைகள் பிரிந்து தொங்குவது போன்ற புடலம்பூ, அந்தி சாய்ந்த பிறகே விரிகிறது. ஒரே கொடியில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே தோன்றுவதாலும், ஆண் பூக்களே முதலில் கொத்தாக வருவதாலும், காய் பிடிக்கவில்லையே எனப் புதியவர் கலங்குவது வீண். இதழ்களுக்குப் பின்னால் மெல்லிய பிஞ்சு ஒட்டியிருப்பதே பெண் பூவின் அடையாளம். அந்துப்பூச்சிகள் அதிகம் வாராத உயர்ந்த மாடிகளில், ஆண் பூவின் மகரந்தத்தை இரவிலேயே தூரிகையால் எடுத்து, பெண் பூவின் சூல்முடியில், அதாவது மகரந்தத்தை ஏற்கும் நுனியில், தடவுவது நல்ல பலன் தரும்.

பிஞ்சின் நுனியில் சிறு கல்லைக் கட்டினால் காய் சுருளாமல் நீளும் என்பது பழைய வழக்கம். சந்தைக்கு வேண்டிய அந்த ஒழுங்கு வீட்டுக்குக் கட்டாயமன்று, வளைந்த புடலையும் கூட்டுக்கு உகந்ததே.