லிஸ்ப் மொழியில் முழுதளாவிய மாறிகளும் தொகுப்பியின் எச்சரிக்கைகளும்

லிஸ்ப், ஜான் மெக்கார்த்தி 1958-ல் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கத் தொடங்கிய நிரல்மொழி. அதன் கிளையான காமன் லிஸ்ப் 1994-ல் அமெரிக்கத் தேசியத் தரமாக ஏற்கப்பட்டது. இதைக் கற்கத் தொடங்கும் மாணவர், முன்னறிவிப்பு இல்லாத ஒரு பெயருக்கு ‘செட்க்யூ’ மூலம் மதிப்பு கொடுத்தால், எஸ்பிசிஎல் தொகுப்பி ‘வரையறுக்கப்படாத மாறி’ என்று எச்சரிக்கும். ஆனாலும் நிரல் ஓடிவிடும். ஓடுகிறதே என்று எச்சரிக்கையைப் புறந்தள்ளும் பழக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பெயர், இரு பொருள்

சைவ மரபில் ‘கோயில்’ என்றால் சிதம்பரம். வைணவ மரபில் திருவரங்கம். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர்ச் சைவர் ‘கோயில்’ என்பதும், அருகே திருவந்திபுரத்து வைணவர் ‘கோயில்’ என்பதும் ஒன்றல்ல. சிதம்பரத்தில் நடராசர் சன்னதியும் கோவிந்தராசப் பெருமாள் சன்னதியும் ஒரே வளாகத்தில் இருப்பதால், அங்கே இடத்தை வைத்தும் பொருளைத் தீர்மானிக்க முடியாது. பேசுபவர் யார் என்று தெரிய வேண்டும்.

லிஸ்ப்பின் முழுதளாவிய மாறியும் இத்தகையதே. ‘டெஃப்வார்’ மூலம் அறிவிக்கப்பட்ட மாறியின் மதிப்பை, அது எழுதப்பட்ட இடம் மட்டும் முடிவுசெய்வதில்லை. அந்தச் செயற்கூறு யாரால் அழைக்கப்பட்டது என்பதும் முடிவுசெய்கிறது. இதை இயங்குநிலை வரம்பு என்பர்.

பின்னணி

தொடக்கத்தில் இது திட்டமிட்ட ஏற்பாடு அல்ல. ஜேம்ஸ் ஸ்லேகிள் எழுதிய செயற்கூறு ஒன்று தவறான விடை தந்தபோது, அதைச் சாதாரணப் பிழை என்றும் ஸ்டீவ் ரஸல் விரைவில் திருத்திவிடுவார் என்றும் கருதியதாக மெக்கார்த்தியே பின்னாளில் எழுதினார். லிஸ்ப் 1.5 காலத்தில் சிக்கல் கூடியது. வரிக்கு வரி இயக்கும் இன்டர்பிரெட்டர் மாறியை ஒருவகையிலும் தொகுப்பி வேறுவகையிலும் நடத்தியதால், ‘ஸ்பெஷல்’ என்ற தனி அறிவிப்பு தேவைப்பட்டது. 1975-ல் வந்த ஸ்கீம், எழுதப்பட்ட இடமே பொருளைத் தீர்மானிக்கும் முறையை ஏற்றது. காமன் லிஸ்ப் இரண்டையும் வைத்துக்கொண்டது. இன்றைய எச்சரிக்கை இந்த இரட்டை மரபின் எச்சம்.

எச்சரிக்கை காணாத இடம்

‘வரி’ என்ற சொல்லையே மாறியின் பெயராகக் கொள்வோம். ஒரு கோப்பில் ‘டெஃப்வார்’ மூலம் வரி விகிதம் 5 என அறிவிக்கப்படுகிறது. 1000 ரூபாய்க்கு 50 ரூபாய் வரி போடும் செயற்கூறும் அதில் உண்டு. பின்னர் தொகுக்கப்படும் இன்னொரு கோப்பில், பட்டியலின் 18-ஆவது வரியைக் குறிக்க ஒருவர் ‘லெட்’ மூலம் அதே பெயருக்கு 18 என்ற மதிப்பைத் தந்து, உள்ளிருந்து அந்தச் செயற்கூறை அழைக்கிறார். வரி 180 ரூபாய் ஆகிவிடுகிறது. பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கையும் இல்லை. மொழியின் விதிப்படி நிரல் சரியானதே.

இதைத் தவிர்க்கவே முழுதளாவிய மாறியின் பெயருக்கு இருபுறமும் நட்சத்திரக் குறி இடும் வழக்கம் வந்தது. ஆனால் அது வழக்கம் மட்டுமே, விதி அல்ல. குறியிட்ட பெயரை முன்னறிவிப்பின்றி உள்மாறியாக்கினால் எஸ்பிசிஎல் எச்சரிக்கும். குறியில்லாப் பெயரை முழுதளாவியதாக அறிவித்தால் எதுவும் சொல்லாது. எழுத்துப்பிழையால் பிறந்த மாறியைத் தொகுப்பி பிடித்துவிடுகிறது. முறைப்படி அறிவிக்கப்பட்டு வேறிடத்தில் விளைவைக் கெடுக்கும் மாறியை விட்டுவிடுகிறது.

மதிப்பீடு

இயங்குநிலை வரம்பையே குறையென ஒதுக்குவது பொருந்தாது. வெளியீட்டைத் திரைக்குப் பதில் சற்று நேரம் கோப்புக்குத் திருப்ப வேண்டுமானால், அதற்குரிய முழுதளாவிய மாறிக்கு ‘லெட்’ மூலம் புது மதிப்பு தந்தால் போதும். வேலை முடிந்ததும் பழைய மதிப்பு தானே திரும்பிவிடும். இந்த வசதிக்கு வேறு மொழிகளில் கூடுதல் ஏற்பாடு தேவைப்படும்.

குறை இரண்டு இடங்களில் உள்ளது. அறிவிக்கப்படாத மாறிக்கு ‘செட்க்யூ’ செய்தால் என்ன ஆகும் என்பதைத் தர ஆவணம் வரையறுக்காமல் விட்டதால், தொகுப்பிக்குத் தொகுப்பி நடத்தை மாறுகிறது. ‘செட்க்யூ’விலேயே பாடத்தைத் தொடங்கும் கற்பித்தல் முறை, எச்சரிக்கையை இரைச்சலாகக் கருத மாணவரைப் பழக்குகிறது. முதல் பாடத்திலேயே ‘டெஃப்வார்’, ‘லெட்’ வேறுபாட்டையும் நட்சத்திரக் குறியையும் சேர்த்துக் கற்பித்தால் எச்சரிக்கை அரிதாகும். வரும்போது மாணவர் நின்று படிப்பார். தொகுப்பி மௌனம் காக்கும் இடத்தில், பெயரிடும் ஒழுங்கு ஒன்றே காவல்.