காந்தியடிகளும் எட்டுப் படிகளும்

கோடம்பாக்கத்துத் திரைப்படங்களில் ஓடும் சிறுவன் ஒரே காட்சியில் தலைவனாகிவிடுவான். எரிக் எரிக்ஸன் 1969இல் வெளியிட்ட ‘காந்தியின் சத்தியம்’ என்னும் ஆங்கில நூல் அத்தகைய எளிய வழியை நாடவில்லை. மனித வளர்ச்சி பிள்ளைப் பருவத்தோடு முடிவதன்று, முதுமை வரை எட்டுப் படிகளை உடையது என்பது அவர் கொள்கை. ஆதலின் 1918ஆம் ஆண்டு அகமதாபாத் ஆலை வேலைநிறுத்தத்தின்போது 48 வயதினராயிருந்த காந்தியடிகளையே நடுவில் நிறுத்துகிறார். அடுத்த தலைமுறையைப் பேணும் பொறுப்பு முதிரும் பருவம் அது. இது நூலின் சிறப்பு.

ஆயினும், அனைத்தும் இப்படிகளுள் அடங்குமா? 1906 செப்டம்பர் 11இல் ஜோகன்னஸ்பர்க் கூட்டத்தில், டிரான்ஸ்வாலின் ஆசியர் சட்டத்துக்குப் பணியோம் என இறைவனைச் சாட்சியாக்கி உரைத்தார் சேட் ஹாஜி ஹபீப். அச்சொல் தம்மைத் திடுக்கிடச் செய்ததாகக் காந்தியடிகளே எழுதியுள்ளார். அவ்விழிப்பு வயதால் வந்ததன்று. இறைவன்மீது இடும் ஆணையின் பாரத்தை உணர்ந்ததால் வந்தது.

நஃப்ஸுக்கு அம்மாரா, லவ்வாமா, முத்மயின்னா என நிலைகள் வகுத்த நம் பெரியோர் அவற்றை வயதோடு பிணைக்கவில்லை. இளைஞன் உயரலாம், முதியவன் சறுக்கலாம். உளநூல் பருவத்தைக் காட்டும். நிய்யத்தை அளக்கும் கோல் அதனிடம் இல்லை. எரிக்ஸனைப் பயில்வோர், காந்தியடிகளின் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரக வரலாற்றையும் உடன்வைத்துப் பயில்வாராக.