வீடற்றோர் சேவைகளும் விளைவு இலக்குகளும்

அமெரிக்காவில் வீடற்றோருக்கான உதவிகளைக் கூட்டரசு நிதியோடு இணைத்த 1987ஆம் ஆண்டின் மெக்கின்னி சட்டம், 2009ஆம் ஆண்டு ஹார்த் சட்டத்தால் திருத்தப்பட்டபோது, உள்ளூர் அமைப்புகளிடம் கேட்கப்படும் கேள்வியே மாறியது. எத்தனை படுக்கைகள் நிரம்பின என்ற கணக்கு பின்னுக்குப் போய், எத்தனை பேர் நிலையான வீட்டுக்குச் சென்றனர், எத்தனை நாளில் சென்றனர், சென்றவர்களில் எத்தனை பேர் மீண்டும் வீடிழந்தனர் என்ற விளைவுக் கணக்கு முன்னுக்கு வந்தது. வீட்டுவசதி, நகர்ப்புற வளர்ச்சித் துறை வகுத்த 7 அளவுகோல்கள், ஒரு வட்டாரத்தின் தொண்டு நிறுவனங்களும் உள்ளாட்சிகளும் நிதி கோருவதற்காகச் சேர்ந்து அமைக்கும் 'கன்டினியூம் ஆஃப் கேர்' என்ற கூட்டமைப்பை முழுமையாக எடைபோடுகின்றன. அந்த மதிப்பெண் அடுத்த நிதிப் போட்டியிலும் சேர்க்கப்படுகிறது.

இந்த முறையின் பெரும் வலிமை, திரும்பி வருவோரைப் பின்தொடர்வதில் இருக்கிறது. காப்பகத்தின் வாசலைத் தாண்டியவுடன் ஒருவரின் கதை முடிந்துவிட்டதாகக் கருதிய பழைய வழக்கத்துக்கு மாறாக, அவர் 6 மாதம், 12 மாதம், 24 மாதம் கழித்து மீண்டும் பதிவேட்டில் தோன்றுகிறாரா என்று பார்ப்பது, சேவையின் தரத்தை மறைக்கவொண்ணாமல் காட்டுகிறது. தனித்தனியே இயங்கிய நிறுவனங்கள் ஒரே பதிவேட்டைப் பகிர்ந்துகொள்ள நேர்ந்ததும் சிறு நன்மையன்று.

ஆயினும் அளவுகோல்களை அருகில் வைத்துப் பார்த்தால் குறைகள் புலப்படுகின்றன. வீடற்றிருந்த காலத்தைக் காப்பகத் தங்கலைக் கொண்டு மட்டும் கணக்கிட்டால், தெருவில் கழிந்த ஆண்டுகள் தெரியாமலே போகின்றன. வீடற்றவர் தாம் வீடிழந்ததாகச் சொல்லும் நாளிலிருந்து கணக்கிட்டாலோ, பல ஆண்டுகள் பாலத்தடியில் கிடந்த ஒருவரைக் களப்பணியாளர் பொறுமையாகப் பேசிக் காப்பகத்துக்கு அழைத்து வந்ததுமே ஊரின் சராசரி ஏறிவிடுகிறது. மிகக் கடினமான பணி தோல்வியின் சாயலைப் பெறுவது இவ்வளவுகோலின் ஆழமான கோளாறு. திரும்பி வருவோர் கணக்கிலும் ஓட்டை உண்டு: வேறு வட்டாரத்துக்குப் போய்விட்டவரும், காரில் உறங்குபவரும் உள்ளூர்ப் பதிவேட்டில் மீண்டும் தோன்றாதவரை வெற்றியாகவே எண்ணப்படுகின்றனர். நிதி மதிப்பெண்ணைச் சார்ந்திருப்பதால், மனநோயோ போதைப் பழக்கமோ உள்ளவர்களை ஒதுக்கி, எளிதில் வீடு கிடைக்கக்கூடியவர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆசையும் நிறுவனங்களுக்கு எழுகிறது.

இவற்றையெல்லாம் விடப் பெரியது பொறுப்பு பற்றிய கேள்வி. 2010க்குப் பின் வீடற்ற முன்னாள் படைவீரர்களின் எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்ததும், ஹூஸ்டன் நகரம் அதே அளவு முன்னேற்றம் கண்டதும் இலக்குகளின் வெற்றியாக அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றன. ஆனால் படைவீரர்களுக்கு இலக்கோடு வாடகை மானியச் சீட்டுகளும் கிடைத்தன. ஹூஸ்டனிலோ மற்றப் பெருநகரங்களை நோக்க வாடகை குறைவு. இவை இரண்டும் இல்லாத நகரங்களில் அதே இலக்கு என்ன செய்துவிடும்? 2024 ஜனவரியில் ஒரே இரவில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், முந்தைய ஆண்டைவிட 18 சதவீதம் கூடுதலாக, 7,71,480 பேர் வீடற்றிருந்தனர். வாடகை உயர்வும், பெருந்தொற்றுக்கால உதவிகள் நின்றதும், சில நகரங்களுக்குப் புதிய குடியேறிகள் பெருமளவில் வந்ததும் இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. இவற்றில் எதுவும் காப்பக நிர்வாகியின் கையில் இல்லை.

ஆகவே இந்த அளவுகோல்கள் ஒரு வட்டாரம் தன்னைத்தானே ஆராய்ந்துகொள்வதற்கு ஏற்றவை. நிதியைக் கூட்டவோ குறைக்கவோ அவற்றை நேரடியாகப் பயன்படுத்துவது நியாயமாகாது. குறைந்தபட்சம், தேவையின் கடுமையைக் கொண்டு மக்களைப் பிரித்து ஒப்பிட வேண்டும். குறைந்த வாடகை வீடுகள் ஓராண்டில் எத்தனை கூடின என்ற எண்ணையும் அதே அறிக்கையில் சேர்த்து, அதற்கு நகர மன்றத்தைப் பதில் சொல்ல வைக்க வேண்டும். வீடிழந்தவர் 30 நாளுக்குள் நிலையான வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதைக் கூட்டரசின் இலக்காக 2009ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்திருக்கிறது. கூட்டரசின் வாடகை உதவியோ தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றையே எட்டுகிறது, அந்தக் குறைபாட்டுக்கு எந்த அளவுகோலும் வகுக்கப்படவில்லை.