திமிங்கிலப் பல்லும் கொழுந்துக் கூடையும்

கலை ஓய்விற் பிறப்பது என்பர். அவ்வோய்வு எவருக்கு, எவ்வுற்பத்தி முறையினால் வாய்த்தது என வினவுவதே திறனாய்வின் கடமையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் திமிங்கில வேட்டைத் தொழிலாளர் ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் பற்களிற் கீறிய 'ஸ்கிரிம்ஷோ' சித்திரங்களை இந்நோக்கில் ஆராய்வது நமது மலையக ஆய்வுக்கும் பயன் தருவதாகும்.

நன்டக்கெட், நியூ பெட்போர்ட் துறைகளிலிருந்து புறப்பட்ட கப்பல்கள் திரும்பிவர மூன்று, நான்கு ஆண்டுகள் செல்வதுண்டு. அவை கொணர்ந்த எண்ணெய் நகரங்களின் விளக்குகளுக்கும் ஆலை இயந்திரங்களுக்கும் பயன்பட்டது. மாலுமிக்கு நாட்கூலி கிடையாது. வருவாயில் ஒரு சிறு பங்கே உண்டு. உடைக்கும் புகையிலைக்கும் பட்ட கடன் அதிலேயே கழிக்கப்பட்டது. ஆயினும் திமிங்கிலம் தென்படாத நாட்கள் அவனுக்கு ஓய்வாயின. எண்ணெய் தராத பல்லும் அவன் கைக்கு வந்து சேர்ந்தது. அதன் மேற்பரப்பை அராவி, சுறாத்தோலால் தேய்த்து, கத்திமுனையாலோ பாய் தைக்கும் ஊசியாலோ கோடு கீறி, விளக்குக் கரியைப் பூசினான்.

'சூசன்' என்னும் கப்பலில் 1828, 1829ஆம் ஆண்டுகளிற் பிரெடெரிக் மைரிக் கீறிய பற்களில் அவர் பெயரும் தேதியும் உள்ளன. பெரும்பாலான பற்களிலோ கீறியவன் பெயர் இல்லை. இக்கலையை நாம் இலட்சியப்படுத்த வேண்டியதுமில்லை. கப்பலின் கம்பீரமும் வேட்டையின் வீரமும் சஞ்சிகைப் படங்களைப் பார்த்துப் பிரதி செய்யப்பட்ட சீமாட்டிகளும் அங்கே நிறைந்துள்ளனர். கடனும் சாட்டையும் காண்பதரிது. உழைப்பவன் கை வரைந்தது எனினும், அவன் கண் முதலாளியின் உலகையே பெரிதும் கண்டது.

இனி நோட்டன் பிரிட்ஜைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களை நோக்குவோம். இங்கும் உலகச் சந்தைக்கான உற்பத்தி, இங்கும் கடன். எனினும் லயங்களில் இத்தகைய கைவினை மரபு தழைக்கவில்லை. திறனின்மையே காரணம் என்பார் உழைப்பின் இயல்பை அறியாதார். விடியற்காலைத் தப்பொலி முதல் இறுதிக் கொழுந்து நிறுக்கப்படும் வரை பெண்ணின் இரு கைகளும் தோட்டத்திற்கே உரியன; பின்னர் அவை அடுப்புக்கும் பிள்ளைக்கும் உரியன. வாய் மட்டுமே அவளுடையதாய் எஞ்சியது. ஆகவே கலை தெம்மாங்காகவும் தாலாட்டாகவும் ஒப்பாரியாகவும் வெளிப்பட்டது. சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983இல் வெளிவந்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' இம்மரபின் வளத்திற்குச் சான்றாகும். கங்காணியையும் துரையையும் எள்ளுவதில் இப்பாடல்கள் பற்சித்திரங்களிலும் கூரியவை. செதுக்கிய பல்லைக் கண்காணிப்பவன் பறிக்கலாம். பாடிய பாட்டைப் பறித்தல் இயலாது.

ஆனால் பல் நிலைத்து நிற்கிறது. அரும்பொருட்காட்சிச் சாலையிலும் ஏலக்கூடத்திலும் விலை பெறுகிறது. பாட்டோ பாடியவளுடன் மறைகிறது. எனவே பாடல்களைத் தொகுப்போர் சொற்களை மட்டும் எழுதுதல் போதாது. பாடியவர் இசைவுடன் அவர் பெயரும், தோட்டமும், செய்த வேலையும், பெற்ற கூலியும் உடன் பதிவாதல் வேண்டும். மைரிக் தாமே பொறித்துக்கொண்ட கையொப்பத்தை நமது பாட்டிமாருக்கு ஆய்வாளரே பெற்றுத்தரல் வேண்டும்.