பயணக் கட்டுரையில் ஊரார் எங்கே?

விடுமுறைக் காலம் முடிந்ததும் பயணக் கட்டுரைகள் பெருகுவது இதழுலக வழக்கம். இலங்கையின் தென்மேற்குக் கரையிலுள்ள பெந்தோட்டையைப் பற்றி அவ்வாறு எழுந்த கட்டுரைகள் பலவற்றை நாம் படித்திருக்கிறோம். பொன்மணல், தென்னஞ்சோலை, ஆற்றின் கழிமுகத்தில் நீரைக் கிழித்தோடும் விசைப்படகு, நீர்ச்சறுக்கு, இரவில் விடுதி முற்றத்தில் இசையும் நடனமும் ஆகியவையே அவற்றின் உள்ளடக்கம். ஒன்றைப் படித்தவர் எல்லாவற்றையும் படித்தவராவார். இவற்றின் குறை யாதென ஆராய்வதே ஈண்டு எம் நோக்கம்.

கடலைக் கண்டு களித்தல் குற்றமன்று. படைப்பின் அழகைச் சிந்திக்குமாறும், பூமியில் பயணம் செய்து படிப்பினை பெறுமாறும் திருமறை நம்மை ஏவுகின்றது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் 'இஹ்யா'வில் பயணத்தின் ஒழுக்கங்களுக்கெனத் தனிப் பகுதியே வகுத்தார்கள். 'ஸஃபர்' என்னும் சொல்லுக்கு, மாந்தர் குணத்தைத் திரை நீக்கிக் காட்டுவது என்று அறபு அறிஞர் விளக்கம் தருவர். பயணம் ஊரைக் காட்டுமுன் பயணியைக் காட்டிவிடுகிறது. பயணக் கட்டுரையும் அத்தகையதே.

பெந்தோட்டைக் கட்டுரைகள் காட்டாமல் விடுவன எவை? ரயிலில் வருவோர் பலர் இறங்குவது அளுத்கம நிலையத்தில். பாலத்தின் இப்புறம் அளுத்கம, அப்புறம் பெந்தோட்டை. அளுத்கமவை அடுத்திருப்பது தர்கா நகர். வடக்கே சில மைல் தொலைவில் பேருவளை; இலங்கை முஸ்லிம்களின் மிகத் தொன்மையான குடியேற்றங்களுள் ஒன்றென மரபு போற்றும் ஊர். அங்கே கடலை நோக்கிய பாறைமேட்டில் கெச்சிமலைப் பள்ளி வெண்ணிறமாய் நிற்கிறது. சீனன்கோட்டையில் மாணிக்கக் கல் வணிகம் நடக்கிறது. நளீம் ஹாஜியார் 1973இல் நிறுவிய ஜாமிஆ நளீமிய்யா அவ்வூரின் கலைக்கூடம். ஸஹீஹுல் புகாரி ஓதும் மஜ்லிஸ் ஆண்டுதோறும் கூடுகிறது. அம்முஸ்லிம்கள் இல்லத்தில் பேசுவதோ நம் தமிழ். இத்தனையும் இருந்தும், தமிழில் எழுதப்பட்ட அக்கட்டுரைகளில் இவ்வூராருக்கு ஒரு வரியேனும் இல்லை.

2014 ஜூன் மாதத்தில் அளுத்கம, தர்கா நகர், பேருவளைப் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, உயிர்களும் பறிபோயின. அதன் பின்னரும் அக்கரையைக் 'கவலையற்ற சுவர்க்கம்' என்று எழுத எவ்வாறு மனம் வந்தது? எழுதியவர் பொய்யுரைத்தாரல்லர், விடுதியின் மதிலைத் தாண்டினாரல்லர். அவ்வளவே.

இனி, நம்மவர் எழுதும் கண்டனக் கட்டுரைகளையும் நடுநிலையோடு நோக்குவோம். மதுவையும் ஆடைக் குறைவையும் இரவுக் கூத்தையும் அவை சாடுகின்றன. சாடுதல் முறையே; மது ஹராம் என்பதில் இரு கருத்தில்லை. ஆயினும் இவர்களும் அதே மதிலுக்குள்ளேயே நின்றுவிட்டனர். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும், பயணியர் குறைவர். அம்மாதங்களில் அறை துடைப்பவரும் படகோட்டியும் எதைக் கொண்டு அடுப்பேற்றுவர் என்று புகழ்ந்தவரும் வினவவில்லை, இகழ்ந்தவரும் வினவவில்லை. மாணவர்க்குக் கட்டுரை கற்பிக்கையில் இத்தகைய கண்டனத்தையே நாமும் நெடுங்காலம் மாதிரியாகக் கொடுத்து வந்தோம். அப்பிழையை இங்கு ஒப்புக்கொள்கிறோம்.

நல்ல மாதிரி நம்மிடம் இல்லாமலில்லை. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, காலித் துறையில் தம்மை விருந்தோம்பிய கப்பல் தலைவர் இப்றாஹீமின் பெயரைத் தம் 'ரிஹ்லா'வில் பதிந்து வைத்தார். ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் கழிந்தும் அப்பெயர் அழியவில்லை. அவர் கண்டிக்கத் தயங்கியவருமல்லர். மாலத்தீவில் காழியாக இருந்தபோது, பெண்டிர் மேனியை மறைத்து ஆடை உடுத்த வேண்டுமென ஆணையிட்டார். அந்த ஆணை பலிக்கவில்லை என்பதையும் மறையாது உரைத்தார். ஊராரைப் பெயரிட்டுச் சொல்லும் நன்றியும் தம் தோல்வியைச் சொல்லும் நேர்மையும் சேர்ந்திருப்பதாலன்றோ அந்நூல் இன்றும் வாழ்கிறது!

ஆகவே பயணக் கட்டுரை எழுதப் புகுவோரிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. கடலைப் பாடுங்கள், தீமையைத் தீமையென்றே சொல்லுங்கள், அவற்றோடு, உணவு பரிமாறியவர் யார், அவர் எம்மொழி பேசுவார், அவர் பிள்ளை எங்கே படிக்கிறது என்பதையும் கேட்டு எழுதுங்கள். குடும்பத்துடன் பெந்தோட்டை செல்வோர் ஒரு ஜும்ஆவையேனும் பேருவளையில் தொழுது, ஊராருக்கு ஸலாம் உரைத்துத் திரும்பட்டும். விசைப்படகில் ஏறிய நினைவு பிள்ளைகளுக்கு ஒரு மாதம் இருக்கும். தொலைவான ஊரில் தமிழில் தம் நலம் விசாரித்த முதியவரின் நினைவோ நெடுநாள் நிற்கும்.

விருந்தளித்தவரை மறவாத பயணிகளாக வல்ல நாயன் நம்மை ஆக்கியருள்வானாக!