விபவ வருஷம் என்றால் எந்த விபவ?

முகப்புத்தாள் பாதி கிழிந்த பஞ்சாங்கம் ஒன்று நூலகத்துக்கு வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். 'விபவ வருஷத்துப் பஞ்சாங்கம்' என்ற வரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. பட்டியலாளரின் படிவமோ ஆங்கில ஆண்டைக் கேட்கிறது. விபவ 1868 ஏப்ரலில் பிறந்தது, 1928இல் பிறந்தது, 1988இலும் பிறந்தது. தாளின் பழுப்பையும் அச்செழுத்தின் வாகையும் பார்த்து 1988ஐத் தள்ளிவிடலாம். மிச்சம் இரண்டில் எது? வேலை நெருக்கடியில் இருப்பவர் சதுர அடைப்புக்குள் 18 என்று போட்டு, இரண்டு கோடு இழுத்து, ஒரு கேள்விக்குறி வைத்துவிட்டு அடுத்த நூலை எடுப்பார்.

வேடிக்கை என்னவென்றால், தமிழில் அச்சான நூல்களிலேயே தன் காலத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லும் நூல் வேறு கிடையாது. இரண்டு தாள் புரட்டினால் சகாப்த எண் வரும். 1790 என்றால் 1868, 1850 என்றால் 1928. அந்தத் தாளும் போயிருந்தால் கிரகநிலை இருக்கிறது. அதிலும் ஒரு பொறி உண்டு. குரு ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டிலும் சனி ஏறத்தாழ முப்பது ஆண்டிலும் ஒரு சுற்று முடிப்பதால், அறுபது ஆண்டு கழித்து இரண்டும் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே வந்துவிடும். அறுபதாண்டுச் சுழற்சிக்கு இந்தப் பொருத்தமே ஆதாரம் என்பார்கள். ஆகவே அவற்றை நம்பி ஆண்டைத் தீர்மானிக்க முடியாது. ராகுவைப் பார்க்க வேண்டும். அறுபது ஆண்டில் அது மூன்று சுற்று முடித்து இன்னும் மூன்று ராசி அளவு நகர்ந்திருக்கும். அல்லது ஏதேனும் ஓர் அமாவாசையின் கிழமை, ஒரு கிரகணத்தின் தேதி போதும். பட்டியல் விதிகளில் இதற்கான வழிகாட்டுதல் கிடையாது. முகப்பை நம்பு, முகப்பு இல்லாவிட்டால் ஊகி என்பதே அவற்றின் போக்கு. ஒரு நாவலுக்கு அது சரி. பஞ்சாங்கத்தில் ஆண்டுதான் உள்ளடக்கம்.

பழைய முறைகள் எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. பிரிட்டிஷ் மியூசியத்தின் பொதுப் பட்டியல் பஞ்சாங்க வகை நூல்களை எல்லாம் 'எபிமெரிடிஸ்' என்ற ஒரே தலைப்பின்கீழ்க் குவித்தது. ஆசிரியர் பெயர் தெளிவில்லாத, ஆண்டுதோறும் பெயர் மாறுகிற ஒரு நூல்வகைக்கு அது நல்ல அடைக்கலம். பிற்கால விதிகள் தலைப்பையே முதல் பதிவாக்கிய பிறகு, ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கணித்து வெளியிட்ட பஞ்சாங்கங்கள் அகரவரிசையில் சிதறிப் போக வழி பிறந்தது. மாறாக, தொடர் வெளியீடு என்று கருதி ஒரே பதிவில் அடைத்தால் எந்த வருஷம் கையில் உண்டு, எது இல்லை என்பது மறைந்துவிடும். ரோமன் எழுத்துப் பிரச்சினை தனி. தமிழ் வரன்முறைப்படி 'பஞ்சாங்கம்' என்பதன் 'ங்க' வேறு எழுத்தில், வடமொழி வரன்முறைப்படி வேறு எழுத்தில். தேடுகிறவர் இரண்டையும் தட்டிப் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய இழப்பு பகுப்பு எண்ணில். டியூவி முறையில் பஞ்சாங்கத்தை 529இல் காலக்கணிதத்தோடும் வைக்கலாம், 133.5இல் சோதிடத்தோடும் வைக்கலாம். பின்னதன் அக்கம்பக்கத்தில் ஆவிகளும் கனவுப்பலனும் குடியிருக்கின்றன. ஜான் வாரன் 1825இல் சென்னையில் வெளியிட்ட 'கால சங்கலித'த்தில், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்த விதத்தைப் பதிவுசெய்திருக்கிறார். வானியல் வரலாற்றில் ஆட்டோ நாய்கெபாயர் போன்றவர்கள் பிற்காலத்தில் பெரிதாக எடுத்துப் பேசிய சான்று அது. அந்த மரபின் அச்சு வடிவத்தை 133.5இல் வைத்தால் வானியல் வரலாறு தேடுகிறவர் அந்த அலமாரிப் பக்கமே போகமாட்டார்.

அடியார் வரலாறுகளில் கதை தலைகீழ். பஞ்சாங்கத்தில் காலம் இருந்தும் பட்டியல் எடுத்துக்கொள்ளவில்லை; இங்கே உறுதியில்லாத காலத்தைப் பட்டியல் கேட்டு வாங்கிக்கொள்கிறது. நூலகங்களின் பெயர்க் கோப்பில் இராமாநுசருக்கு 1017-1137 என்று ஆண்டுகள் நிற்கின்றன. நூற்றிருபது ஆண்டு வாழ்ந்தார் என்பது குருபரம்பரை மரபு சொன்னது. அந்தக் குருபரம்பரை நூலைச் சமயம் என்ற அலமாரியில் ஒதுக்கிவிட்டு, அது சொன்ன ஆயுளை மட்டும் தகவலாக எடுத்துக்கொள்வது எனக்கு விசித்திரமாகப் படுகிறது. ஆனால் அதே பெயர்க் கோப்பைப் பாராட்டவும் வேண்டும். உடையவர், எம்பெருமானார், இளையாழ்வார், பாஷ்யகாரர் என்று பல பெயரில் சிதறியிருக்கும் நூல்களை ஒருவரிடம் கொண்டுசேர்ப்பது அதுதான். அட்டை அலமாரிக் காலத்தில் இந்த வசதிக்காக ஏங்கியவர்கள் உண்டு.

வகைப்பாட்டில் குழப்பம் நீடிக்கிறது. பெரியபுராணம், சீறாப்புராணம், தேம்பாவணி மூன்றும் அடிப்படையில் சமய வாழ்க்கை வரலாறுகள்: நாயன்மார், நபிகள் நாயகம், சூசையப்பர். செய்யுள் என்பதால் மூன்றும் தமிழ் இலக்கிய எண்ணுக்குள் போகின்றன. ஆறுமுக நாவலர் 1852இல் பெரியபுராணத்தை வசனமாக்கியதும் அதே அடியார்கள் இந்து சமய எண்ணான 294.5க்குக் குடிபெயர முடிகிறது. 1586இல் ஹென்றிக் ஹென்றிக்கஸ் பாதிரியாரின் முயற்சியில் முத்துக்குளித்துறைப் பரவருக்காக அச்சான அடியார் வரலாறான 'ஃப்ளோஸ் சங்க்தோரும்' தொடக்கத்திலிருந்தே உரைநடை. ஆகவே அது சமயத்தோடு நிற்கும், தமிழ் உரைநடையின் தொடக்கத்தைத் தேடுபவர் கண்ணில் படாமல்.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. அரிய நூல்களுக்கான டிசிஆர்எம் விதிகள், முகப்பின் உச்சியில் உள்ள வணக்க வரியை விட்டுவிடச் சொல்கின்றன, விட்டதற்கு அடையாளப் புள்ளிகூட இடாமல். ஐரோப்பிய நூல்களில் அது பெரும்பாலும் அலங்காரமாக இருக்கலாம். இங்கே அப்படியல்ல. 'குருபரம்பரா பிரபாவம்' என்ற பெயரில் வைணவத்தில் தென்கலையாருக்கு ஆறாயிரப்படி ஒன்று உண்டு, வடகலையாருக்கு மூவாயிரப்படி ஒன்று உண்டு. (படி என்பது அளவு: முப்பத்திரண்டு எழுத்து கொண்ட கிரந்தம் இத்தனை ஆயிரம்.) பொதுவான தலைப்போடு ஒரு சிறு வெளியீடு வந்தால், அது எந்தக் கலையார் அச்சிட்டது என்பதை உச்சி வரிதான் சொல்லும். மணவாள மாமுனிகளை வணங்கினால் ஒரு கட்சி, வேதாந்த தேசிகரை வணங்கினால் மறு கட்சி. யானைக்கு நாமம் போடுவதில் நீதிமன்றம் வரை போன சமூகத்தின் நூலில் அந்த ஒரு வரியைக் கத்தரித்துவிட்டு, பக்க எண்ணிக்கையையும் சென்டிமீட்டரில் உயரத்தையும் கவனமாகப் பதிகிறோம்.

முக்கியம் என்று கருதினால் குறிப்பில் சேர்க்கலாம் என்று அதே விதி இடமும் தருகிறது. வரியைத் தட்டச்சு செய்ய ஒரு நிமிஷம் ஆகும். அது யாருடைய வரி என்று அடையாளம் காணத் தெரிந்தவர் அந்த மேசையில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ராகு எந்த ராசி என்று பார்க்கத் தெரிந்தவரும் கூட இருந்தால் கேள்விக்குறியும் போய்விடும்.